கணேசுமாரி வருகிற ஞாயிறு

என் வீட்டை வானத்திலிருந்து பார்ப்பேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு டீச்சர் தன் செல்போனை என் பக்கம் திருப்பினார். "அண்ணே, இதுல நாம நிக்கிற எடம் எதுன்னு பாருங்க" என்றார். பச்சையும் சாம்பலுமாக ஏதோ பரவிக் கிடந்தது. எதுவும் பிடிபடவில்லை. பிறகு வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. அது எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் தண்ணீர் ஏற்றித் தெருத்தெருவாகத் திறந்துவிடுவதுதான் என் வேலை என்பதால் அது மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்தேன். ஓடை, ஓடைப் பாலம், திராட்சைப் பந்தல், அப்புறம் வீடுகள். ஒரு தகரக் கூரைமேல் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. காற்றுக்குத் தகரம் தூக்கிவிடக் கூடாதென்று நான் போட்டு வைத்த லாரி டயர்.

மேலே நின்று யாரோ பார்த்திருக்கிறார்கள், நாம் பாட்டுக்குக் கீழே டயரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். டயருக்குக் கொஞ்சம் தள்ளி, வாசல் பக்கம், சிவப்பாக ஒரு சின்னக் கோடும் இருந்தது. கொடியில் காய்கிற சேலை. என் மனைவியுடையது.

"இது எப்ப எடுத்த படம் டீச்சர்?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா. ரெண்டு மூணு வருசம் இருக்கும்."

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்று ஊரில் பேச்சு இருந்தது. அதற்கு முன்னால் இத்தனை வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆளை எண்ணுவதற்கு முன்னால் வீட்டை எண்ண வேண்டும். வீட்டை எண்ணுவதற்கு முன்னால் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை யாருக்கு என்று பிரித்து, படம் வரைந்து, வரிசை போட்டுப் பார்க்க வேண்டும். டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். எங்கள் ஊர் பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. சந்துகள் அவருக்குத் தெரியாது. உத்தமபாளையத்தில் பயிற்சி முடித்துவிட்டு வந்தவரிடம் பஞ்சாயத்து கிளார்க், "டேங்க் ஆப்பரேட்டரக் கூட்டிக்கங்க, எல்லா வாசலும் அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

எல்லா வாசலும் எனக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் வாசலில் நின்று பேச வராது. தண்ணீர் திறந்துவிடுகிறவனோடு யாரும் நின்று பேசுவதுமில்லை, வரவில்லை என்றால் ஏசுவார்கள், வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது. இப்போது டீச்சர் முன்னால் போவார், நான் சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நிற்பேன். நிஜக் கணக்கெடுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. வரிசை சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் கதவு நிலையில் சாக்பீஸால் எண் போட்டோம்.

அதற்கே இத்தனை பேச்சு. வரி கூட்டப் போகிறார்களா என்றார் ஒருவர். ரோட்டை அகலப்படுத்த இடிக்கப் போகிற வீட்டுக்குத்தான் எண் போடுகிறார்கள் என்றார் இன்னொருவர். நடுத்தெருவில் ஒரு அம்மா கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"ஏய்யா, நாளைக்கு எம் மகளுக்கு நிச்சயம். இப்பத்தான் பெயிண்ட் அடிச்சு நிக்குது. இதுல போயிக் கிறுக்க வந்துட்டீகளே."

"சாக்பீஸ்தாம்மா, தொடச்சா போயிரும்" என்றார் டீச்சர்.

"சரி, எழுதுங்க. என்ன நம்பரு?"

"எட்டு."

"எட்டா? எட்டு வேணாம் ஆத்தா. எட்டுல நிச்சயம் பண்ணி உருப்பட்டவுக யாரு இருக்கா. ஒம்பதப் போடுங்க."

"ஒம்பது பக்கத்து வீட்டுக்கும்மா."

"அவளுக்கு எட்டக் குடுங்க. அவளுக்கு எது குடுத்தாலும் தாங்குவா."

பக்கத்து வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. அதை எழுத முடியாது. நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டீச்சர் சிரித்துச் சமாளித்து எட்டையே, கண்ணில் படாத மாதிரி நிலைக்கு அடியில் சின்னதாகப் போட்டுவிட்டு வந்தார்.

கீழத்தெரு கடைசியில் வேப்பமரம் வந்ததும், "அம்புட்டுத்தான் டீச்சர், தெரு முடிஞ்சது" என்றேன்.

"அப்ப இந்த வீடு?"

திரும்பிப் பார்த்தேன். தகரக் கூரை, டயர், பூட்டின கதவு. என் வீடு. அடுத்தடுத்து வாசல் காட்டிக்கொண்டே வந்தவன் என் வாசலை விட்டுவிட்டு நடந்திருக்கிறேன்.

"இது எங்க வீடுதான். பூட்டிக் கெடக்குறதுனால..." என்று இழுத்தேன்.

"பூட்டியிருந்தாலும் வீடு வீடுதாண்ணே. அதுக்கும் நம்பர் உண்டு. பூட்டுன வீடுன்னு எழுதணும், அவ்வளவுதான்."

அன்று மத்தியானம் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் டீச்சர், "ஒங்கள வச்சுக் கேள்வியெல்லாம் ஒருதரம் கேட்டுப் பழகிக்கிறேண்ணே, சும்மா" என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு நிஜம்போலவே கேட்டார். சுவர் எதில் கட்டியது, கூரை எது, தண்ணீர் எங்கிருந்து. தண்ணீர்க் கேள்விக்கு இரண்டு பேரும் தொட்டியை அண்ணாந்து பார்த்தோம்.

"வீட்டுல வழக்கமாக் குடியிருக்குறவுக எத்தன பேரு?"

"ரெண்டு."

"நீங்க. அடுத்து யாரு?"

"எங்க வீட்டுல."

"அதத்தாண்ணே கேக்குறேன். வீட்டுல யாரு?"

"வீட்டுலதான்" என்றேன். டீச்சருக்கு அப்புறந்தான் விளங்கியது. எங்கள் பக்கம் ஆம்பளைகள் பொண்டாட்டியை அப்படித்தான் சொல்வோம். சிரித்துவிட்டு, "சரி, அவுக எங்க இப்ப?" என்றார்.

மலைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். எங்களுக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. என் மனைவி கேரளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறாள். முன்பெல்லாம் விடியுமுன்னே ஜீப் ஏறி, பொழுது சாய வந்துவிடுவாள். கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஜீப் போகிற போக்கு அவளுக்கு வயிற்றைக் கலக்கும். மழையில் ஒருநாள் ஜீப் பள்ளத்தின் ஓரம் வரை வழுக்கிப் போய் நின்றதும் பயந்துவிட்டாள். அதிலிருந்து எஸ்டேட் லயத்திலேயே தங்கிக்கொண்டாள். லயம் என்றால் ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை காலை போய்விடுவாள். காய் எடுப்பு முடிந்ததும் வந்துவிடுவாள் என்றுதான் நான் இருந்தேன். அந்தக் காய் எடுப்பு முடிந்து, அடுத்த காய் எடுப்பும் வந்துவிட்டது.

டீச்சர் போனை மடியில் வைத்தார். "அப்படின்னா அவுக அங்கன குடியிருக்கிறதாத்தாண்ணே வரும். இங்கன வந்து போறவுக. வழக்கமா எங்க படுத்து எந்திரிக்கிறாகளோ அங்கன எழுதணும்னு பயிற்சியில சொன்னாக. ஒரு ஆள ரெண்டு எடத்துல எண்ணக் கூடாது."

"அவ எங்க வீட்டுல டீச்சர்."

"இல்லைன்னு சொல்லலண்ணே."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நான் எழுந்து போய் வால்வைத் திறந்தேன். மேலத்தெருவுக்குத் திறக்க வேண்டியதை வடக்குத்தெருவுக்குத் திறந்துவிட்டேன். வந்து போகிறவள். விருந்தாளியைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. லயத்தில் சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு ஏறி வந்துதான் பேசுவாள். காற்றுச் சத்தத்தோடு குரல் விட்டு விட்டு வந்தது.

"இந்த வாரம் நான் வரல."

"ஏன்?"

"ஞாயித்துக்கெழம கணேசுமாரி வாராக."

"யாரு?"

"கணேசுமாரி. வாரப்ப நான் ரூம்புல இருந்தாத்தான் ரூம்பு எனக்கு நிக்கும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. ரூம்பெல்லாம் கழுவிவிட்ருக்கேன். நீங்க சோத்த வடிச்சுத் தின்னுங்க, கடையில திங்காதீக..."

கட்டாகிவிட்டது. நான் திருப்பிப் போட்டேன், போகவில்லை.

அந்தப் பெயர் காதில் நின்றுவிட்டது. கணேசுமாரி. அவன் வருவதற்காக அறையைக் கழுவியிருக்கிறாள். அவன் வந்தால்தான் அறை அவளுக்கு நிற்கும். என் மனைவிக்கு அறை கொடுக்க அவன் யார்? எங்கள் ஊரில் மாரி என்று ஆம்பளைக்கும் வைப்பார்கள், பொம்பளைக்கும் வைப்பார்கள். ஆனால் முன்னால் கணேசு இருந்ததால் ஆம்பளைதான் என்று முடிவு செய்தேன். அவனுக்கு ஒரு முகமும் வந்துவிட்டது. பெரிய மீசை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் குடை. எஸ்டேட்டில் புதிதாக வந்தவனாக இருக்க வேண்டும். அன்று முழுக்க டீச்சரோடு சுற்றினேன், வாசல் வாசலாகச் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதானால் எப்படிக் கேட்பது? என் வீட்டுக்காரி ஒருத்தனுக்காகக் காத்திருக்கிறாள், அவனை உங்களுக்குத் தெரியுமா என்றா?

"என்னண்ணே, மொகம் செத்துப் போச்சு?" என்றார் டீச்சர்.

"வெயிலு" என்றேன்.

சனிக்கிழமை காலை தொட்டிச் சாவியைக் கிளார்க் வீட்டில் கொடுத்துவிட்டு, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் ஏறினேன். ஓட்டுகிறவன் எனக்குப் பெரியப்பா மகன், என்னைவிட இளையவன். முன்சீட்டில் இடம் கொடுத்தான். பின்னால் பெண்கள் ஒருத்தர்மேல் ஒருத்தராக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன கொழுந்தனாரே, காய் எடுக்க வாறீகளா?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"மதினி ஒரு வாரம் வரலைன்னதும் ஆளு கெளம்பிட்டாக பாரு."

"கூட வாளி எடுத்தாரலயா? இங்கன நீங்க தண்ணி தெறந்துவிட முடியாது. மேல வானந்தான் தெறந்துவிடும்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே திராட்சையும் தென்னையும் சிறுத்துக்கொண்டே போயின. வளைவுகளில் ஜீப் திரும்பியபோது என் வயிற்றையும் கலக்கியது. அவள் சொல்லும்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மெட்டில் கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. டீ குடிக்க இறங்கினோம். இனிமேல் கேட்காவிட்டால் அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது என்று தோன்றியது. தம்பியை ஓரமாகக் கூட்டிப் போனேன்.

"தம்பி, ஒங்க மதினி இருக்குற எஸ்டேட்டுல கணேசுமாரின்னு எவனும் இருக்கானா?"

"கணேசுமாரியா? அப்படி எவனும் இல்லயே. என்ன சோலி?"

"ஒன்னுமில்ல. சும்மா."

அவன் மெதுவாகப் பேசுகிறவன் என்றுதான் எனக்கு நினைப்பு. ஜீப்பைப் பார்த்துத் திரும்பி, "ஏத்தா, மேல கணேசுமாரின்னு எவனாச்சும் இருக்கானா? அண்ணன் கேக்குறாக" என்று கத்தினான். மெட்டே திரும்பிப் பார்த்தது போலிருந்தது எனக்கு. பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர், பாதி வாழ்க்கையை அந்தத் தோட்டங்களிலேயே கழித்தவர், எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார்.

"யாரு சொன்னா அந்தப் பேர?"

"எங்க வீட்டுல" என்றேன். "ஞாயித்துக்கெழம வாராகன்னு சொல்லுச்சு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அய்யா, அது ஆளு இல்லய்யா. கானேசுமாரி. மலையாளத்துல ஆள் கணக்கு எடுக்குறது. கானேசுமாரிக்கு வாராகன்னு சொல்லியிருப்பா. நீங்க ஊருக்குள்ள அந்த டீச்சரு பின்னாடி சாக்பீஸத் தூக்கிட்டுத் திரியிறீகளே, அதேதான். அங்கன சென்சஸ்ஸு, இங்கன கானேசுமாரி."

ஜீப் கிளம்பியதும் சிரிப்பில் குலுங்கியது. தோட்டம் வரும்வரை அவர்கள் நிறுத்தவில்லை. "மதினி கணேசுமாரியோட ஓடிப் போச்சுடீ." "மீச வச்சிருப்பானா கொழுந்தனாரே?" மீசையைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தம்பி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். பள்ளம் பக்கத்தில் இருக்கிறது, ரோட்டைப் பார் என்று மட்டும் சொன்னேன்.

எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அது போனபிறகுதான் மற்றது உறைத்தது. ஆள் இல்லை, சரி. கணக்கெடுப்பு. கணக்கெடுக்க வரும்போது இருந்தால்தான் அறை அவளுக்கு நிற்கும் என்று சொன்னாள். அப்படியென்றால் தான் அங்கே குடியிருப்பதாக எழுதிக்கொடுக்கத்தான் காத்திருக்கிறாள். வந்து போகிற இடம் என்று டீச்சர் சொன்னது என் வீட்டை. டீச்சர் சொன்னபோது நான் நம்பவில்லை. இவளும் அதையே சொல்கிறாள். கணேசுமாரி என்று ஒருவன் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவள் காய் எடுக்கப் போயிருந்தாள். அறைச் சாவி எங்கே இருக்கும் என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். கதவில் நீலப் பெயிண்டில் எண் எழுதியிருந்தது, சாக்பீஸ் இல்லை. திறந்து உள்ளே போனேன். அவள் அங்கே தங்க ஆரம்பித்ததிலிருந்து நான் ஒருதரம் கூட வந்ததில்லை. ஏதோ மூட்டை முடிச்சோடு கிடப்பாள் என்று நினைத்திருந்தேன். தரை கழுவி ஈரம் காயாமல் இருந்தது. அலமாரியில் பேப்பர் விரித்து ஓரத்தைப் பூப்பூவாக வெட்டி விட்டிருந்தாள். ஜன்னலில் டின்னில் மிளகாய்ச் செடி, காய்த்திருந்தது. பேத்தியின் போட்டோ. அடுப்பு, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். அவளுக்கு எதற்கு இரண்டு தட்டு என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். சுவர் ஆணியில் என் சட்டை தொங்கியது.

நீலக் கட்டம் போட்ட சட்டை. வெகுநாளாக அதை வீட்டில் தேடிக்கொண்டிருந்தேன். வெளுத்து, மடிப்புக் கலையாமல், மேல் பட்டன் போட்டுத் தொங்கியது. நான் அந்த அறையில் ஏற்கனவே ஒருத்தன் இருப்பதைப் பார்த்துவிட்டவன் மாதிரி கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அவள் வந்தாள். தலையில் சாக்கு, கையெல்லாம் பச்சைக் கறை. என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்ன? பேத்திக்கு ஏதும்...?"

"யாருக்கும் ஒன்னுமில்ல. சும்மாதான் வந்தேன்."

"நீங்க சும்மா வர்ற ஆளா?"

அதற்குள் அடுத்த அறையிலிருந்து எவளோ, "அக்கா, கணேசுமாரியத் தேடி வந்துருக்காக" என்றாள். என் மனைவிக்கும் விவரம் போய்ச் சேர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் மொண்டு கை கழுவிக்கொண்டே, "அப்ப ஆம்பளை பேருன்னதுந்தான் மலையேறணும்னு தோணிருக்கு" என்றாள்.

நான் சட்டையைக் காட்டி, "இது இங்கன எப்படி?" என்றேன்.

"நாந்தான் எடுத்தாந்தேன். ஆம்பளச் சட்ட ஒன்னு தொங்கினாத்தான் கேக்க ஆளிருக்குன்னு நாலு பேரு நெனப்பாக." கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒத்தப் பொம்பளைன்னா இன்னும் ரெண்டு பேரச் சேத்து ஒரே ரூம்புல போட்ருவாக. புருசன் பொண்டாட்டின்னா ரூம்ப விட்ருவாகளாம். கானேசுமாரியில எழுதுறத வச்சுத்தான் பாப்பாகன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. சட்டையக் காட்டி ரெண்டு பேருன்னு சொல்லிருவோம்னு இருந்தேன்."

கணக்கெடுப்பை வைத்து யாருக்கும் அறை கொடுக்கவோ பிடுங்கவோ மாட்டார்கள் என்று டீச்சர் வாசல் வாசலாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். "யாரோ ஒங்களையெல்லாம் மெரட்டி வச்சிருக்காக" என்றேன். பிறகு, "ஆனா ஒரு ஆள ரெண்டு எடத்துல எழுதக் கூடாது. நான் அங்கன ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"அங்கன யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கீக. நான் இருக்கேனா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கிறது போலத்தான் கேட்டாள். நான் மிளகாய்ச் செடியைப் பார்த்தேன்.

"காய் எடுப்பு முடிஞ்சதும் நீ வந்துருவேன்னு நெனச்சேன்" என்றேன்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் எனக்கு இங்கனயே புடிச்சுப் போச்சு."

எனக்கு அதிர்ச்சி என்றால் அதுதான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எனக்குப் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று எதைப் பற்றியும் சொல்லிக் கேட்டதில்லை. குழம்பைப் பற்றிக்கூட. குளிர் பிடித்திருக்கிறது, வேலை முடிந்தால் யாரும் எங்கே போனாய் என்று கேட்காதது பிடித்திருக்கிறது, மழை தகரத்தில் விழாமல் ஓட்டில் விழுவது பிடித்திருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே உலை வைத்தாள். இரண்டு பேருக்கு.

"அப்ப நான்?" என்றேன். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது.

"அதத்தான் நாளைக்குக் கேக்க வாராக. நான் சொல்ல மாட்டேன். பொய்யி சொன்னா நீங்க சங்கடப்படுவீக, நெசத்தச் சொன்னாலும் சங்கடப்படுவீக. நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலை கணக்கெடுக்கிற பெண் வந்தார். குடை, தோளில் பை, கையில் போன். எங்கள் டீச்சர் மாதிரியே செருப்பை வாசலில் தட்டிவிட்டுத்தான் நின்றார். வரிசையாக ஒவ்வொரு அறையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அறையிலும் கேட்ட கேள்வி எனக்குத் தெரிந்தது, மொழி மட்டுந்தான் வேறு. சுவர், கூரை, தண்ணீர். எங்கள் வாசலுக்கு வந்ததும் நான் பழக்கத்தில் ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு நேராக நான்தான் நின்றேன்.

"இவிடெ எத்ர பேரா தாமஸம்?"

இங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டது விளங்கியது. என் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே துடைத்த அடுப்பு. ஒன்று என்று சொன்னால் நான் அந்த வாசலில் வந்து போகிறவன். இரண்டு என்று சொன்னால் ஊரில் என் வீட்டில் ஆள் இல்லை என்று டீச்சர் எழுத வேண்டும். தொட்டி, வால்வு, கீழத்தெருவுக்குக் காலையில், மேலத்தெருவுக்கு மத்தியானம், அதையும் விட வேண்டும். அந்தப் பெண் மறுபடி, கொஞ்சம் சத்தமாக, செவிடனிடம் கேட்பது போல் கேட்டார்.

"ரெண்டு பேரு" என்றேன்.

அது என் குரல்தான். பக்கத்து அறைக்காரிகள் எல்லாரும் கேட்கிற மாதிரி வந்துவிட்டது.

"ஸ்திரமாயிட்டோ?"

"நிரந்தரமாவான்னு கேக்காக" என்றாள் அவள், அடுப்பிலிருந்து திரும்பாமல்.

நான் தலையாட்டினேன். அந்தப் பெண் போனில் ஏதோ அழுத்தினார். அவ்வளவுதான். அடுத்த அறைக்குப் போய்விட்டார். இத்தனை பெரிய விஷயம் இத்தனை சீக்கிரம் முடியும் என்று நான் நினைக்கவில்லை.

"ரூம்புக்காகச் சொன்னீகளா?" என்று அவள் கேட்டாள்.

"அது டீச்சர் சொல்லிட்டாகன்னு நேத்தே சொன்னேன்ல. எழுதுறதுக்கும் ரூம்புக்கும் சம்பந்தமில்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஆணியிலிருந்த சட்டையை எடுத்து, "இத மாட்டுங்க, போட்டுருக்குறது நாறுது" என்றாள்.

திங்கட்கிழமை இறங்கி வந்தேன். தொட்டிக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னபோது கிளார்க் சேரிலிருந்து எழுந்தே விட்டார். மேலே போய் இருக்கப்போகிறேன் என்றதும் மகள் போனில், "அப்பா, நீங்களா, நீங்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டீச்சரிடம் அன்று சொன்ன பதிலை அடித்துவிடும்படி கேட்டேன். "அது சும்மா பழகுனதுதாண்ணே, எதுலயும் ஏத்தல. நெசத்துக்கு இன்னும் நாளு இருக்கு" என்றார். சாக்பீஸ் டப்பாவை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அப்ப ஒங்க வீட்ட என்னன்னு எழுத?" என்றார்.

"பூட்டுன வீடுன்னே எழுதுங்க டீச்சர். எங்க வீட்டுல மேல இருக்கு."

வீட்டுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, கூரைமேல் ஏறி டயரைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி வைத்தேன். இறங்கும்போது கொடிக்கயிறு கண்ணில் பட்டது. அவிழ்க்காமல் விட்டுவிட்டேன்.